உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் பெப்டைடு ஹார்மோன்களைக் கண்டறிவது எப்படி: திசு வந்ததிலிருந்து ரிப்போர்ட் வரை

காதுக்கு முன்னுள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் கட்டி ஒன்றின் ஸ்லைடில், தைராய்டு சுரக்கும் பெப்டைடு ஹார்மோனான (சிறு புரதத் துண்டால் ஆன ஹார்மோன்) கால்சிடோனினுக்கான சாயம் பழுப்பாகத் தெரிந்ததும் "கட்டி கால்சிடோனின் சுரக்கிறது" என்று எழுதக் கை பரபரக்கும். பொறுங்கள். கால்சிடோனினுக்கு எதிராகத் தயாரித்த ஆன்டிபாடி அந்த இடத்தில் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பழுப்பு நிறம் சொல்வது அவ்வளவுதான். பிடித்தது கால்சிடோனின்தானா? அது கட்டி செல்லுக்குள் இருக்கிறதா, பக்கத்து நரம்பிலா? கட்டி உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தோன்றியதா, வேறெங்கிருந்தோ வந்ததா? ஹார்மோன் ரத்தத்திலும் கலக்கிறதா? நான்கும் தனித்தனிக் கேள்விகள், நான்குக்கும் விடை தேடும் வழியும் வேறு வேறு.

பேத்தாலஜி படிக்கும் மாணவர்கள், ஐ.எச்.சி. மேசையில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். முக்கிய முறை இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் ஐ.எச்.சி.: ஆன்டிபாடியைக் கொண்டு திசுவில் ஒரு புரதத்தைச் சாயமேற்றிக் காட்டுவது.

முதலில், அங்கே இயல்பாக என்ன இருக்கிறது?

உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரை நாளம் வழியாக வாய்க்குள் விடும் உறுப்பு. ரத்தத்தில் ஹார்மோன் விடுவது அதன் வேலையல்ல. ஆனால் பெப்டைடுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. உமிழ்நீர் சுரக்கும் செல் கொத்துகளான அசினஸ்களையும் ரத்தக் குழாய்களையும் சுற்றி ஓடும் மெல்லிய நரம்பிழைகளில் வி.ஐ.பி., சப்ஸ்டன்ஸ் பி, நியூரோபெப்டைடு ஒய், சி.ஜி.ஆர்.பி. ஆகிய நரம்புப் பெப்டைடுகள் இருக்கின்றன. சப்ஸ்டன்ஸ் பி-யின் கதையே உமிழ்நீரோடு பின்னியது. 1931-இல் வான் ஆய்லரும் கேடமும் அது இருப்பதைக் கண்டார்கள். அதன் அமைப்பு பல ஆண்டுகள் பிடிபடவில்லை. அப்புறம் சூசன் லீமன் மாட்டு ஹைப்போதலாமஸ் சாற்றில் வேறொரு ஹார்மோனைத் தேடியபோது, சாறு ஏற்றிய எலிகள் உமிழ்நீர் வடித்தன. அந்த விளைவைத் துரத்திக்கொண்டே போய் 1970-இல் பிரித்தெடுத்தபோது கையில் கிடைத்தது 11 அமினோ அமிலங்கள் கொண்ட சப்ஸ்டன்ஸ் பி. அதே போல ஸ்டான்லி கோஹன் 1962-இல் இ.ஜி.எஃப். வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்ததும் ஆண் சுண்டெலியின் சப்மாண்டிபுலர் சுரப்பியிலிருந்துதான்.

ஆக, கட்டியில் ஒரு பெப்டைடு தெரிந்தால் அது கட்டியின் சரக்குதானா, சுரப்பியின் பழைய சரக்கா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

படி 1: எதற்காகத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹார்மோன் சாயம் தேவையே இல்லை. பிளியோமார்ஃபிக் அடினோமாவையோ வார்த்தின் கட்டியையோ கண்டறிய வழக்கமான எச்.அண்ட்.இ. (ஹீமடாக்சிலின்-இயோசின்) சாயமிட்ட ஸ்லைடே போதும். தேவைப்படும் சூழல்கள் மூன்று.

ஒன்று, கட்டி நியூரோஎண்டோக்ரைன் வகையாக (ஹார்மோன் சிறுமணிகள் கொண்ட, நரம்பு செல்லை ஒத்த செல்களால் ஆனதாக) தோன்றி, அது இங்கேயே பிறந்ததா, தைராய்டு, நுரையீரல், தோல் போன்ற இடங்களிலிருந்து பரவியதா என்ற சந்தேகம். உமிழ்நீர்ச் சுரப்பியில் பிறக்கும் நியூரோஎண்டோக்ரைன் புற்றுநோய் அங்குள்ள கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. அதனால் பரவி வந்ததா என்ற கேள்வியை எப்போதும் முன்னால் வையுங்கள்.

இரண்டு, நோயாளிக்கு ஹார்மோன் மிகுதியின் அறிகுறிகள் இருப்பது. பரோடிட்டின் அசினிக் செல் கார்சினோமா ஏ.சி.டி.எச். (அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) சுரந்து, கார்டிசால் மிகுதியால் வரும் குஷிங் நோய்க்குறியை உண்டாக்கிய நோயாளிகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள். அரிது, ஆனால் பொட்டாசியம் சரிந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் திடீரென எகிறிய நோயாளியின் கட்டி மேசைக்கு வந்தால் இது நினைவுக்கு வர வேண்டும்.

மூன்று, ஆய்வு.

இந்த மூன்றிலும் சேராத கட்டிக்கு, ஆன்டிபாடி ஃபிரிட்ஜில் இருக்கிறதே என்பதற்காகச் சாயம் போடாதீர்கள். தேவையில்லாமல் போட்ட சாயத்தில் வரும் அரைகுறை பாசிட்டிவ், பதில் சொல்ல முடியாத கேள்வியாக ரிப்போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

படி 2: திசுவைக் காப்பாற்றுங்கள்

பெப்டைடுகள் சிறியவை, நீரில் கரைபவை, எளிதில் சிதைபவை. இந்தச் சுரப்பிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நாளச் செல்களில் காலிக்ரீன் போன்ற புரதம் வெட்டும் நொதிகள் நிறைய இருக்கின்றன. அறுவை அரங்கில் கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவை தங்கள் வேலையைச் செய்யும்.

திசு வந்த உடனே 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெட்டி, திசுவைப் போல 10 முதல் 20 மடங்கு அளவுள்ள 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். முழுக் கட்டியை வெட்டாமல் பாட்டிலில் அமுக்கி மூடி அனுப்பினால் வெளிவட்டம் மட்டும் பதப்பட்டு நடுவில் அழுகும். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். மூன்று நாளைத் தாண்டவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை போட்டதைச் செவ்வாய் வரை மறப்பது நம் ஊர் லேப்களில் புதிதல்ல. அந்தச் சமயங்களில் பதப்பட்ட நேரத்தையாவது பதிவேட்டில் எழுதிவையுங்கள். பின்னால் சாயம் ஏறாதபோது காரணம் தேட உதவும்.

ஹார்மோன் அளவையும் அறிய வேண்டியிருந்தால் ஒரு துண்டை ஃபார்மலினுக்கு முன்பே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். பிற்பாடு அதை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் சில நிமிடங்கள் கொதிக்க வைத்துப் பெப்டைடைப் பிரிக்கலாம். கொதிப்பு நொதிகளைக் கொல்லும், அமிலம் பெப்டைடைக் கரைக்கும். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய ரேடியோஇம்யூனோஅஸே காலத்திலிருந்து புழங்கும் வழி இது. இன்று அளப்பதற்கு எலைசாவோ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியோ இருக்கின்றன.

படி 3: ஹார்மோனுக்கு முன்னால் பொதுக் குறிகாட்டிகள்

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். செல் நியூரோஎண்டோக்ரைன் வகையா என்று தெரியாமல் எந்த ஹார்மோன் என்று கேட்பதில் பொருளில்லை.

நியூரோஎண்டோக்ரைன் செல்களைக் காட்டும் புரதங்களான சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஏ, ஐ.என்.எஸ்.எம்.1 மூன்றுக்கும் சாயம் போடுங்கள். குரோமோகிரானின், பெப்டைடுகள் அடைபட்டிருக்கும் அடர்நடுச் சிறுமணிகளில் இருப்பது. அதனால் ஹார்மோன் இருக்கும் இடத்தை அதுதான் நெருக்கமாகக் காட்டும். சிறுமணிகள் குறைந்த ஸ்மால் செல் கார்சினோமாவில் அது மங்கலாக வரும், சில சமயம் வராமலே போகும். சினாப்டோஃபைசின் வேறு வகைச் சிறுபைகளின் சவ்வில் இருப்பதால் அங்கேயும் கைகொடுக்கும். ஐ.என்.எஸ்.எம்.1 உட்கருவில் ஏறும் சாயம். நசுங்கிய செல்களிலும் படிக்க எளிது. சி.டி.56 என்ற செல் மேற்பரப்புப் புரதத்தின் சாயம் பல வகைச் செல்களிலும் ஏறும், எதையும் தனியாக உறுதி செய்யாது. அதை மட்டும் நம்பி நியூரோஎண்டோக்ரைன் என்று எழுதக் கூடாது.

எபிதீலியல் செல்களின் இழைப் புரதமான கெரட்டினும் கட்டாயம் வேண்டும். கெரட்டின் நெகட்டிவ், குரோமோகிரானின் பாசிட்டிவ், கூடுகளின் ஓரத்தில் எஸ்.100 (நரம்பின் துணைச் செல்களில் இருக்கும் புரதம்) காட்டும் மெல்லிய செல்கள் என்று வந்தால் நீங்கள் பார்ப்பது நரம்பு முடிச்சுச் செல்களில் பிறக்கும் பாராகாங்கிலியோமாவாக இருக்கலாம்.

பொதுக் குறிகாட்டிகள் அத்தனையும் நெகட்டிவ் ஆன கட்டியில் ஹார்மோன் மட்டும் பாசிட்டிவ் என்றால் முதலில் சாயத்தைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது?

பெட்டியின் மேல் ஹார்மோன் பெயர் இருக்கும். அது போதாது; அந்த ஹார்மோனின் எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்தது என்று தாளைப் பிரித்துப் படியுங்கள்.

பெப்டைடு ஹார்மோன் செல்லுக்குள் முதலில் ஒரு நீண்ட முன்னோடிப் புரதமாகத்தான் உருவாகிறது. பிறகு வெட்டப்படுகிறது, சிலவற்றின் வால் முனையில் அமைடு சேர்க்கப்படுகிறது. ஏ.சி.டி.எச். 39 அமினோ அமிலங்கள் கொண்டது, பி.ஓ.எம்.சி. என்ற பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. அதன் முதல் 13 அமினோ அமிலங்கள்தான் ஆல்ஃபா எம்.எஸ்.எச். ஆக, அந்த முதல் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டிலும் ஏறலாம், வெட்டப்படாத பி.ஓ.எம்.சி.யிலும் ஏறலாம். கட்டிகள் இந்த வெட்டும் வேலையை அரைகுறையாகச் செய்வது வழக்கம். ஸ்லைடில் ஏ.சி.டி.எச். கொழுந்துவிட்டுத் தெரிந்தும் நோயாளிக்கு குஷிங் அறிகுறி எதுவும் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

காஸ்ட்ரின், கோலிசிஸ்டோகைனின் இரண்டுக்கும் வாலில் ஐந்து அமினோ அமிலங்கள் ஒன்றே. வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. சப்ஸ்டன்ஸ் பி-க்கும் நியூரோகைனின் ஏ-க்கும் இதே சங்கடம். கால்சிடோனினும் சி.ஜி.ஆர்.பி.யும் ஒரே ஜீனிலிருந்து வெவ்வேறு விதமாக ஒட்டப்பட்டு வருபவை. புரதமாக வேறு வேறு என்பதால் நல்ல ஆன்டிபாடி பிரித்துவிடும். ஆனால் ஆர்.என்.ஏ. ஆய்வுக்குப் போனால் புரோபை (ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் துண்டு) ஜீனின் எந்த எக்சான் பகுதியில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

படி 5: கண்ட்ரோல் திசுக்கள்

ஒவ்வொரு ஹார்மோனுக்கும் அதற்கே உரிய திசு வேண்டும்:

- கால்சிடோனின்: தைராய்டின் மெடுல்லரி கார்சினோமா, அல்லது சி-செல் உள்ள இயல்பான தைராய்டு
- ஏ.சி.டி.எச்.: பிட்யூட்டரியின் முன்பகுதி
- சொமாட்டோஸ்டாட்டின், குளுக்ககான்: கணையத் தீவுகள்
- பாங்கிரியாட்டிக் பாலிபெப்டைடு: கணையத் தலைப்பகுதி
- காஸ்ட்ரின்: இரைப்பையின் ஆன்ட்ரம்
- வி.ஐ.பி.: பெருங்குடல் சுவரின் நரம்பு வலை

மெடுல்லரி கார்சினோமாவை மட்டும் கண்ட்ரோலாக வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதில் கால்சிடோனின் மலையாகக் குவிந்திருக்கும். பலவீனமான சாயமும் அங்கே பிரமாதமாகத் தெரியும். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் சி-செல்கள்தான் சாயத்தின் உண்மையான கூர்மையைச் சோதிக்கும். முடிந்தால் கண்ட்ரோல் துண்டை நோயாளியின் திசு இருக்கும் ஸ்லைடிலேயே ஒட்டுங்கள்.

நெகட்டிவ் கண்ட்ரோல் குறைந்தது இரண்டு: முதல் ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு ஒன்று, முதல் ஆன்டிபாடியின் அதே வகையைச் சேர்ந்த, ஆனால் அந்த ஹார்மோனைப் பிடிக்காத இம்யூனோகுளோபுலின் போட்ட ஸ்லைடு ஒன்று. ஆய்வு என்றால் ஆன்டிபாடியை அதன் பெப்டைடோடு முன்பே கலந்து இரவு முழுக்கக் குளிரில் வைத்துவிட்டுப் போடும் உறிஞ்சல் சோதனையும் செய்யுங்கள். சாயம் மறைந்தால் ஆன்டிபாடிக்கு அந்தப் பெப்டைடைப் பிடிக்கத் தெரியும் என்று உறுதியாகும். திசுவில் இருந்ததும் அதே பெப்டைடுதான் என்பதை அது நிரூபிக்காது. பலர் இந்த இடத்தில் ஒரு படி தாவிவிடுகிறார்கள்.

படி 6: சாயமேற்றல்

பாராஃபின் பிளாக்கிலிருந்து 3 முதல் 4 மைக்ரான் துண்டுகளைப் பூச்சு ஸ்லைடில் எடுத்துக் காயவைத்து, சைலீனிலும் இறங்குவரிசை ஆல்கஹாலிலும் கழுவித் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது ஆன்டிஜன் மீட்பு. ஃபார்மலின் போட்ட முடிச்சுகளை வெப்பத்தால் அவிழ்ப்பது. பி.எச். 6 சிட்ரேட், பி.எச். 9 டிரிஸ்-இ.டி.டி.ஏ. இரண்டில் எது என்பது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும். சில பெப்டைடு ஆன்டிபாடிகளுக்கு மீட்பே தேவைப்படாது. தேவையில்லாமல் கொதிக்க வைத்தால் பின்னணிதான் கூடும். மூன்று வழியையும் கண்ட்ரோல் திசுவில் ஒரு முறை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். ஆட்டோஸ்டெயினர் இல்லாத இடத்தில் சமையலறைக் குக்கரே போதும். ஆனால் முழுப் பிரஷர் ஏறியதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். இறக்கிய பிறகு ஸ்லைடுகளைப் பஃபரிலேயே 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் ஸ்லைடு காய்ந்துவிடும், துண்டும் பிய்ந்துகொண்டு போகும்.

சாயத்தின் பழுப்பை உண்டாக்குவது ஆன்டிபாடியோடு இணைக்கும் பெராக்சிடேஸ் நொதி என்பதால், திசுவின் சொந்தப் பெராக்சிடேஸை முதலில் அடக்க வேண்டும். இந்தத் தடுப்பில்தான் இந்தச் சுரப்பி தன் குணத்தைக் காட்டும். சீரஸ் அசினஸ் செல்களிலேயே உமிழ்நீர்ப் பெராக்சிடேஸ் இருக்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 10 நிமிடம் தவறாமல் விடுங்கள். போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: எந்த ஆன்டிபாடியும் இல்லாமல் ஒரு ஸ்லைடில் நேராக டி.ஏ.பி. (பெராக்சிடேஸ் பட்டால் பழுப்பாகும் சாயப்பொருள்) ஊற்றுங்கள். பழுப்பு வந்தால் தடுப்பு போதவில்லை.

இரண்டாவது பொறி பயோட்டின். வார்த்தின் கட்டியிலும் ஆங்கோசைடோமாவிலும் உள்ள ஆங்கோசைட்டுகளுக்குள் மைட்டோகாண்டிரியா நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மைட்டோகாண்டிரியாவில் இயல்பாகவே பயோட்டின் உண்டு, வெப்ப மீட்பு அதை இன்னும் வெளிக்கொணரும். பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் அவிடினைக் கொண்ட அவிடின்-பயோட்டின் முறையில் சாயமிட்டால் அந்தச் செல்கள் எல்லா ஹார்மோனுக்கும் நுண்மணிகளாக 'பாசிட்டிவ்' காட்டும். ஆங்கோசைட்டிக் கட்டி ஒன்றில் ஐந்தாறு ஹார்மோன்கள் ஒரே சீராகத் தெரிகின்றன என்றால் மகிழ வேண்டாம். பயோட்டின் இல்லாத பாலிமர் கிட்டுக்கு மாறுங்கள்.

முதல் ஆன்டிபாடியின் அளவை நீங்களே அளந்து பிடியுங்கள். 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று கண்ட்ரோலில் வரிசையாகப் போட்டு, குறிப்பிட்ட செல் தெளிவாகவும் பின்னணி சுத்தமாகவும் தெரியும் இடங்களில் மிக நீர்த்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நாளமில்லாச் செல்களின் சிறுமணிகளுக்கு மின்னூட்டத்தால் இம்யூனோகுளோபுலினைச் சும்மாவே ஒட்டவைக்கும் குணம் உண்டு. பஃபரில் உப்பைக் கூட்டினால் அந்த ஒட்டல் கழன்றுவிடும்.

ஈரப்பெட்டியில் வையுங்கள், ஓரம் காயவிடாதீர்கள். பிறகு கழுவல், பாலிமர், கழுவல், டி.ஏ.பி., மெல்லிய ஹீமடாக்சிலின். டி.ஏ.பி. புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள். கையுறை போடுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

படி 7: ஸ்லைடைப் படித்தல்

கண்ட்ரோல்களைப் பார்த்த பிறகுதான் நோயாளியின் ஸ்லைடு. உண்மையான ஹார்மோன் சாயம் சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாக இருக்கும். சில செல்களில் உட்கருவின் ஒரு பக்கமாகக் கோல்கி இருக்குமிடத்தில் திரண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களில்கூட ஒன்று அடர்த்தியாகவும் அடுத்தது வெறுமையாகவும் இருப்பது இயல்பு. எல்லாச் செல்லிலும் ஒரே சீரான மங்கல் பழுப்பு என்றால் அதை நம்பாதீர்கள். நசுங்கிய இடம், செத்த திசு, வெட்டின் ஓரம் மூன்றையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். சளி நிறைந்த மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமாவில் சளிக்குளங்கள் ஆன்டிபாடியைச் சும்மா பிடித்துவைக்கும்.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் வி.ஐ.பி. போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய லென்ஸில் கட்டிக் கூடுகளைச் சுற்றிப் பழுப்பு தெரிகிறது. பெரிய லென்ஸில் போனால் அது செல்லல்ல, முடிச்சு முடிச்சான மெல்லிய இழை. கூடுகளுக்கு இடையே உள்ள இழைமத்தில் வளைந்து ஓடி, சில இடங்களில் கூட்டின் விளிம்பைத் தொடுகிறது. அது நரம்பு. இந்தக் கட்டிக்கு நரம்பைச் சுற்றி வளரும் பழக்கம் வேறு இருப்பதால் இரண்டும் பின்னிக் கிடக்கும். அடுத்த துண்டில் எஸ்.100 போட்டு அதே இடத்தைப் பார்த்தால் நரம்பின் பாதை விளங்கிவிடும். இந்தக் கட்டியின் மயோஎபிதீலியல் செல்களும் எஸ்.100 காட்டலாம் என்பதால் நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்தே பாருங்கள்.

எண்ணிக்கையைக் குறிக்கும்போது கட்டி செல்களில் தோராயமாக எத்தனை சதவீதம், எவ்வளவு அடர்த்தி, எங்கே என்ற மூன்றையும் எழுதுங்கள். "பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல் அடுத்தவருக்கு உதவாது.

படி 8: ஆன்டிபாடிக்கு வெளியே ஒரு சாட்சி

முடிவு முக்கியமானதென்றால் வேறு வகைச் சான்று ஒன்றாவது வேண்டும். இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷன், அந்த ஹார்மோனின் ஆர்.என்.ஏ. அதே செல்லில் உருவாகிறதா என்று காட்டும். நரம்பிழையில் வந்த பெப்டைடுக்கு ஆர்.என்.ஏ. அங்கே இராது, ஏனென்றால் அது உருவான நரம்பு செல்லின் உடல் வேறிடத்தில் இருக்கிறது. படி 7-இல் சொன்ன குழப்பத்தை இது ஒரே அடியில் தீர்க்கும்.

சுரப்பு உண்டா என்று சொல்ல ரத்தம்தான் வேண்டும். கால்சிடோனினை அறுவைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஏ.சி.டி.எச். என்றால் இ.டி.டி.ஏ. பிளாஸ்டிக் குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள். கண்ணாடியில் அது ஒட்டிக்கொள்ளும், அறை வெப்பத்தில் சிதையும். கட்டியை எடுத்ததும் அளவு இறங்கியது என்ற ஒரு வரிக்கு ஸ்லைடில் உள்ள எந்தப் பழுப்பும் ஈடாகாது.

ஒரு எடுத்துக்காட்டும் ரிப்போர்ட்டும்

கற்பனையாக ஒரு நோயாளி: 68 வயது, பரோடிட்டில் வேகமாக வளர்ந்த கட்டி. எச்.அண்ட்.இ.யில் சிறிய நீலச் செல்கள், நிறைய மைட்டோசிஸ், செத்த திட்டுகள். கெரட்டின் புள்ளியாக ஏறுகிறது, சினாப்டோஃபைசினும் ஐ.என்.எஸ்.எம்.1-உம் பாசிட்டிவ், குரோமோகிரானின் இங்கொன்று அங்கொன்று.

இப்போது சி.கே.20, அதாவது கெரட்டினில் ஒரு வகை. உட்கருவருகே புள்ளியாகப் பாசிட்டிவ் என்றால் தோலின் மெர்க்கல் செல் கார்சினோமா நிணநீர் வழியாகப் பரோடிட்டுக்கு வந்திருக்கலாம். முகத்தையும் உச்சந்தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தோல் அறுவை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். ஆனால் பரோடிட்டிலேயே பிறக்கும் ஸ்மால் செல் கார்சினோமாவிலும் சி.கே.20 அடிக்கடி பாசிட்டிவ் ஆகும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிக்க முடியாது. 2008-இல் கண்டுபிடிக்கப்பட்ட மெர்க்கல் செல் பாலியோமாவைரஸுக்கான ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனால் தோல் பக்கம் எடை கூடும். நெகட்டிவ் என்பதை வைத்துத் தோலை விலக்கிவிடாதீர்கள். வெயில் பாதிப்பால் வரும் மெர்க்கல் கட்டிகளில் வைரஸ் இருக்காது. நுரையீரல், தைராய்டு செல்களின் உட்கருப் புரதமான டி.டி.எஃப்.1 பாசிட்டிவ் ஆனால் நுரையீரலை ஸ்கேனில் பார்க்க வேண்டும், அத்துடன் தைராய்டையும்.

கால்சிடோனின் இந்த இடத்தில்தான் வருகிறது. பரவலாகப் பாசிட்டிவ், கூடவே சி.இ.ஏ. என்ற கட்டிக் குறிகாட்டிப் புரதமும் பாசிட்டிவ் என்றால் தைராய்டின் மெடுல்லரி கார்சினோமா நினைவுக்கு வரும். குரல்வளையின் நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளிலும் இரண்டும் பாசிட்டிவ் ஆகலாம். அங்கே ரத்தக் கால்சிடோனின் பொதுவாக ஏறியிருக்காது. ரத்த அளவும் கழுத்து அல்ட்ராசவுண்டும் இல்லாமல் இந்த முடிச்சு அவிழாது.

இந்த நோயாளிக்குக் கால்சிடோனின் ஆங்காங்கே சில செல்களில் மட்டும் ஏறியது, மற்ற இடங்களில் வேறு கட்டி எதுவும் கிடைக்கவில்லை என்றால் ரிப்போர்ட்டை நான் இப்படி எழுதுவேன்: "பரோடிட்: ஸ்மால் செல் நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமா. கால்சிடோனின் இம்யூனோரியாக்டிவிட்டி சுமார் 5 சதவீதக் கட்டி செல்களில், சைட்டோபிளாசத்தில், மிதமான அடர்த்தியில், கண்ட்ரோல்கள் சரி. இது ஹார்மோன் சுரப்பைக் குறிப்பதாகாது. ரத்தக் கால்சிடோனின், முழு உடல் ஸ்கேன், தலை-கழுத்துத் தோல் பரிசோதனை முடிவுகளோடு பொருத்திப் பார்க்கவும். பிளாக் எண் 3-இல் மேல்சோதனைக்குப் போதிய கட்டித் திசு உள்ளது."